சவானா நிலத்தில் நாட்டு மரக்கன்றுகள் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை: நடவு தேவையா, இருப்பதையே வளர்த்தெடுப்பதா?

மானாவாரி (கேள்வி)

சுமார் 40 ஹெக்டேர் சவானா நிலத்துக்கு (புல்வெளியில் மரங்கள் சிதறி நிற்கும் நிலம்) பாதுகாப்பு நோக்கில் மேலாண்மைத் திட்டம் தயாரிக்க வேண்டும். நிலவரம் இது: ஆண்டு மழை 800 மி.மீ. அளவு, ஏழு மாதம் வறட்சி. தரை முழுக்க இடுப்பளவு கொத்துப்புல். ஹெக்டேருக்கு 25 முதல் 30 பெரிய மரங்கள். மருது வகை, வேல் வகை, கருந்தும்பி எனக் கலந்து நிற்கின்றன. எல்லாமே வயதானவை, நடுத்தர மரம் ஒன்றுகூட இல்லை. ஆனால் புல்லை விலக்கிப் பார்த்தால் 20 முதல் 60 செ.மீ. உயரத்தில் நாட்டுக் கன்றுகள் நிறைய. ஏறக்குறைய ஆண்டுதோறும் வறட்சியின் கடைசியில் தீ வந்து போகிறது. மழை தொடங்கியதும் ஆடு, மாடு மேய்கின்றன.

ஹெக்டேருக்கு 400 நாற்றங்கால் கன்று நடலாம் என்று ஒரு யோசனை மேசையில் இருக்கிறது. அது தேவையா? தீயை அடியோடு நிறுத்திவிட்டால் இருக்கும் கன்றுகளே மரமாகிவிடுமா? எத்தனை மரம் என்று இலக்கு வைப்பது?

---

வேர்க்கட்டை

நடவுக் கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் ஒரு களைக்கொத்தியை எடுத்து, அந்தக் 'கன்றுகளில்' பத்துப் பன்னிரண்டின் கழுத்துப் பகுதியைச் சுற்றி ஒரு சாண் ஆழம் மண்ணை விலக்கிப் பாருங்கள். மேலே சுண்டுவிரல் கனத்தில் தண்டு, கீழே கட்டைவிரலையோ மணிக்கட்டையோ ஒத்த தடிமனில் வேர்க்கிழங்கு என்றால், அது இந்த ஆண்டு விதையில் முளைத்தது இல்லை. பல தீயைக் கண்ட பழைய செடி. தண்டடியில் கருகிய பழைய முளைகளின் அடிக்கட்டைகள் வட்டமாகத் தெரியும். அது இன்னொரு அடையாளம். விதைக்கன்றில் இவை இரண்டும் இருக்காது. தண்டும் வேரும் ஒரே தடிமனில் இறங்கும், சில சமயம் விதையிலையின் தழும்பும் தெரியும்.

நடப்பது இதுதான். சவானா மரங்கள் முதல் சில ஆண்டுகளில் சம்பாதிப்பதில் பெரும்பங்கை மாவுச்சத்தாக வேரில் சேர்த்து வைக்கின்றன. தீ வந்தால் மேலே உள்ள தண்டு செத்துப்போகும், செடி சாகாது. அடுத்த மழைக்கு முந்தியே கழுத்திலிருந்து மறுதளிர் வரும். அந்தத் தளிர் தீ நாக்குக்கு மேலே தலையை நீட்டுவதற்குள் அடுத்த தீ வந்தால் மறுபடி தரைமட்டம். சூழலியலில் இதைத் தீப்பொறி என்கிறார்கள். இரையைப் பிடிக்கும் பொறி என்ற பொருளில். உங்கள் நிலத்தில் நடுத்தர மரம் இல்லாததற்குக் காரணம் விதைப் பஞ்சம் இல்லை, இந்தப் பொறி. ஆகவே 400 கன்று நட்டாலும் அவையும் அதே பொறிக்குள்தான் போகும். அதுவும் பை நாற்றில் ஆணிவேர் சுருண்டிருக்கும், கிழங்கு இருக்காது. முதல் தீயிலேயே வேரோடு போய்விடும்.

கணக்கெடுப்பை இப்படிச் செய்யுங்கள். 50 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலப் பட்டைகள் 20. மேடு, பள்ளம், பெரிய மரத்தடி, திறந்த வெளி எல்லாம் அதில் வர வேண்டும். ஒவ்வொரு தூருக்கும் எழுத வேண்டியவை: இனம், உயரமான தண்டின் உயரம், தரையிலிருந்து 5 செ.மீ.யில் தண்டுச் சுற்றளவு, தண்டுகளின் எண்ணிக்கை, கொறித்த அடையாளம், போன தீயில் கருகிய தண்டு இருந்தால் அதன் உயரம். அந்தக் கடைசி எண்ணைப் பலரும் விட்டுவிடுவார்கள். இரண்டு தீக்கு நடுவே செடி எவ்வளவு வளர முடிகிறது என்று நேரடியாகச் சொல்வது அதுதான்.

ஒரு எச்சரிக்கை. தண்டுகளை எண்ணி அதையே மரங்களின் எண்ணிக்கையாக எழுதிவிடாதீர்கள். அரை மீட்டருக்குள் நிற்கும் ஒரே இனத் தண்டுகளை ஒரே தூராக வையுங்கள். கருந்தும்பி போன்றவை வேரிலிருந்தே பக்கக்கன்று விடும். பல மீட்டர் தள்ளி நிற்பதும் ஒரே செடியாக இருக்கலாம். அதைத் தோண்டாமல் உறுதி செய்ய முடியாது, 'வேர்க்கன்று, சந்தேகம்' என்று குறித்தால் போதும்.

---

புல்லும்மரமும்

மேலே சொன்னதோடு முழு உடன்பாடு. நான் தீயைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அடியோடு நிறுத்தாதீர்கள். ஆப்பிரிக்க சவானாக்களை ஒப்பிட்டு 2005இல் வெளிவந்த ஆய்வு, ஆண்டு மழை சுமார் 650 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மர அடர்த்தியை மழையே கட்டுப்படுத்துகிறது, அதற்கு மேலே போனால் தீயும் மேய்ச்சலும்தான் நிலத்தைத் திறந்து வைத்திருக்கின்றன என்று காட்டியது. உங்களுக்கு 800 மி.மீ. தீயை எடுத்துவிட்டால் அது காடாக மூடிக்கொள்ளும் பக்கம்தான் சாயும். மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் ஒலோக்கெமெஜியிலும் ஐவரி கோஸ்ட்டின் கொக்கோண்டெக்ரோவிலும் 1930கள் வாக்கில் தொடங்கிய நீண்டகாலத் தீச்சோதனைகளில் இதே முடிவு. தீ படாத மனையில் காட்டு மரங்கள் ஏறின. வறட்சியின் தொடக்கத்தில் எரித்த மனையில் சவானா மரங்கள் கூடின. கடைசியில் எரித்த மனை திறந்த புல்வெளியாகவே நின்றது. உங்கள் நிலத்தில் இப்போது நடப்பது அந்த மூன்றாவது வகை.

ஆக மாற்ற வேண்டியது தீ வரும் காலத்தையும் இடைவெளியையும். 40 ஹெக்டேரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டாம். ஐந்து பகுதியாகப் பிரியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுக்கோ இரண்டுக்கோ மட்டும் மூன்று முதல் ஐந்து ஆண்டு தீ ஓய்வு. மற்றவற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, புல் பாதி பச்சையாக இருக்கும்போதே, திட்டுத் திட்டாகக் குளிர்ந்த தீ. புல் தீயில் பெரும்பாலான இனங்கள் 2 முதல் 3 மீட்டர் உயரம் தாண்டினால் தலை தப்பும். பட்டை மெல்லிய இனத்துக்கு அதற்கு மேலும் தேவை. ஓய்வுக் காலத்தை நாள்காட்டியை வைத்து முடிக்காதீர்கள். தேர்ந்தெடுத்த தூர்களில் பெரும்பாலானவை அந்த உயரத்தைத் தொட்டனவா என்று அளந்து முடியுங்கள்.

எரிபொருளை அளப்பது சுலபம். 50 செ.மீ. சதுரச் சட்டம் வைத்து உள்ளே இருக்கும் புல்லையும் சருகையும் தரையோடு அறுங்கள். எடை குறைவது நிற்கும் வரை காயவைத்து, கிராம் எடையை 40ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று வரும். முப்பது இடமாவது எடுத்துச் சராசரி பாருங்கள். 2,000 கிலோவுக்குக் கீழே தீ தொடர்ந்து ஓடாது, திட்டாக நின்றுவிடும். 4,000 கிலோவைத் தாண்டினால் வறண்ட, காற்றடிக்கும் நாளில் அது மரக்கன்றுகளை வெட்டிச் சாய்க்கும் தீ. குளிர்ந்த தீக்குத் தென்னாப்பிரிக்க மேய்ச்சல்நில மேலாண்மையில் சொல்லும் வரம்பு, காற்றின் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேலே. வெப்பமண்டலத்தில் அதிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோதான் இது அமையும். மாலையில் வைப்பது நல்லது. இரவு ஈரத்தில் தானே அணையும். காலையில் வைத்தால் நண்பகலில் அது வேறு தீயாகிவிடும்.

எது கெட்டுப்போகும் என்றால், ஓய்வுப் பகுதிதான். நான்கு ஆண்டு புல் சேர்ந்த இடத்துக்குள் பக்கத்திலிருந்து கடைசி வறட்சித் தீ புகுந்தால், ஆண்டுதோறும் வந்த தீயைவிட மோசமாக எரியும். நீங்கள் வளர்த்ததெல்லாம் தரைமட்டம். அதனால் தீத்தடுப்புக் கோடு இல்லாமல் ஓய்வு கொடுக்காதீர்கள். 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசை, ஒவ்வொன்றும் 2 முதல் 3 மீட்டர் அகலத்தில் புல்லை அறுத்துத் தரையைக் கூட்டி, வறட்சியின் தொடக்கத்தில் நடுவில் இருக்கும் புல்லை எரித்துவிட்டால் அதுவே கோடு. உழுது கோடு போடாதீர்கள். கொத்துப்புல்லின் வேரும் மரங்களின் வேரும் போய், அந்தப் பட்டை முழுக்க அயல் களை ஏறும். தீ வைக்க முறையான அனுமதி வேண்டும் என்பதையும் திட்டத்தில் எழுதிவிடுங்கள். பல நாடுகளில் அது இல்லாமல் வைப்பது குற்றம்.

---

கவாத்துக்காரர்

தீ ஓய்வு மட்டும் கொடுத்தால் தூர் புதராகத்தான் நிற்கும். பத்துத் தண்டும் வேரின் சேமிப்பைப் பங்கு போட்டுக்கொள்ளும், ஒன்றும் மேலே போகாது. கவாத்து செய்தால் அந்த 3 மீட்டரை எட்டும் காலம் வெகுவாகக் குறையும். நைஜரின் மராடிப் பகுதியில் 1980களில் ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாவ்டோவும் உழவர்களும் பரப்பிய முறை இதுதான். வயலில் களை என்று வெட்டிக்கொண்டிருந்த தூர்களையே தேர்ந்து வளர்த்தார்கள். அந்நாட்டில் இப்போது சுமார் 50 லட்சம் ஹெக்டேருக்கு அது பரவியிருப்பதாகக் கணக்கு.

செய்முறை. காலம்: வறட்சியின் பிற்பகுதி, புதுத் தளிர் வெடிக்கும் முன். அப்போது சேமிப்பு முழுக்க வேரில் இருக்கும், வெட்டினால் இழப்பு குறைவு. தளிர் விரிந்து இலை முற்றாத சமயத்தில் வெட்டினால் வேர் காலியாக இருக்கும், செடி இளைத்துவிடும்.

ஒரு தூரில் முதல் ஆண்டு மூன்று முதல் ஐந்து தண்டு விடுங்கள். நேராக, தடிமனாக, தரையோடு ஒட்டிக் கிளம்பியவையாக இருக்கட்டும். பழைய கட்டையின் உச்சியில் முளைத்த தண்டு எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் வேண்டாம். ஒட்டு பலவீனம், காற்றில் பிளந்து விழும். மீதியைத் தரைமட்டத்தில் கூரான அரிவாளாலோ கவாத்துக் கத்தரியாலோ எடுங்கள். விட்ட தண்டுகளில் கீழ்ப்பாதி உயரத்துக்குப் பக்கக்கிளை நீக்குங்கள், பாதிக்கு மேல் போகாதீர்கள். உச்சியில் மட்டும் குஞ்சம் விட்டால் தண்டு மெலிந்து வளைந்துவிடும். தடிமனான கிளையைக் கீழிருந்து பாதி வெட்டி, பிறகு மேலிருந்து வெட்டுங்கள். இல்லாவிட்டால் பட்டை நார் நாராகக் கிழிந்து இறங்கும், அந்த வழியாகப் பூஞ்சையும் துளைப்பானும் நுழையும்.

இரண்டாம் ஆண்டு இரண்டு தண்டாக, மூன்றாம் ஆண்டு ஒன்றாகக் குறையுங்கள். ஒரேயடியாக ஒன்றாக்கினால் அந்த ஒன்றை ஆடு கடித்தாலோ காற்று முறித்தாலோ எல்லாம் முதலிலிருந்து. நடுவில் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை சுற்றி வந்து, அடியில் புதிதாக வந்த தளிரைக் கையால் உரித்துவிட்டால் போதும், கருவி வேண்டாம்.

வெட்டிய முட்கிளைகளைத் தூரைச் சுற்றிப் போடுவது ஆட்டைத் தடுக்க நல்ல வழி. ஆனால் தீ வரக்கூடிய பகுதியில் அது சிதைதான். முட்கிளை போட்டால் வறட்சி தொடங்கும் முன் அதை விலக்கி, தூரைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குப் புல்லை அறுத்துவிடுங்கள். வேரோடு கொத்த வேண்டாம், அறுத்தால் போதும். மழைக்காலத் தொடக்கத்தில் ஒருமுறை அறுத்தால் ஈரத்துக்கான போட்டியும் குறையும்.

ஹெக்டேருக்கு எத்தனை தூர் என்றால், கணக்கெடுப்பில் கிடைப்பதில் நல்லதாக 150, 200 வரை எடுக்கலாம் என்பேன். சிலது போகத்தான் செய்யும்.

---

புல்லும்மரமும்

முறை சரி. அந்த 200க்கு ஒப்ப மாட்டேன். நைஜரில் செய்தது மரம் அழிந்துபோன பயிர் வயலில், அங்கே விறகு, தீவனம், நிழல் நோக்கம். இங்கே நோக்கம் சவானாவைச் சவானாவாக வைப்பது. ஒரு எளிய கணக்கு: 6 மீட்டர் விட்டக் குடையுள்ள மரம் ஏறத்தாழ 28 சதுர மீட்டர் நிழல் போடும். 400 மரம் என்றால் 11,300 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேரே 10,000தான்! நடவு யோசனை நிறைவேறினால் அங்கே புல் இருக்காது. 200 என்றால் பாதிக்கு மேல் நிழல், அதோடு பழைய மரங்களின் குடை வேறு. சவானாப் புற்கள் வெயிலுக்கானவை. நிழலில் முதலில் கொத்து மெலியும், பிறகு செத்துப்போகும். அவற்றுடன் இருக்கும் கிழங்குச் செடிகளும் பூண்டுகளும் ஒருமுறை போனால் திரும்ப வரப் பல பத்தாண்டுகள்.

ஹெக்டேருக்கு 50 முதல் 60 தூரை விடுவியுங்கள். முற்றியபின் அவற்றின் குடை 17 சதவீத அளவு. இருக்கும் 30 பெரிய மரங்களுக்கு 8 மீட்டர் விட்டம் வைத்தால் 15 சதவீதம். அந்தப் பெரியவை ஒவ்வொன்றாக விழும்போது இவை இடம் பிடிக்கும். சம இடைவெளி பார்க்காதீர்கள், சவானாவில் மரம் கொத்தாகத்தான் நிற்கும். கறையான் புற்று மேட்டில் ஐந்தாறு சேர்ந்திருந்தால் ஐந்தாறையும் விடலாம், பெரிய வெற்றுப் புல்வெளியை வெற்றாகவே விட வேண்டும். எதை விடுவிப்பது என்பதில் இன்னொரு விஷயம்: நிறைய இருக்கும் இனத்தையே எடுப்பது கைப்பழக்கம். கணக்கெடுப்பில் அரிதாக வந்த இனத்தின் தூர்களை முதலில் குறியுங்கள்.

---

மானாவாரி

நன்றி, நிறையத் தெளிந்தது. தோண்டிப் பார்த்ததில் மருதும் கருந்தும்பியும் எல்லாம் கிழங்கு வைத்தவைதான். வேல் வகையில் சிலது உண்மையான விதைக்கன்று. இரண்டு சந்தேகம். மேய்ச்சலை முழுக்க நிறுத்த முடியாது, என்ன செய்வது? தென்மேற்கு மூலையில் ஒரு மூன்று ஹெக்டேர் விடத்தலைப் புதராக மூடிக் கிடக்கிறது. அதுவும் நாட்டு இனம்தானே, அதை இயற்கை மீளுருவாக்கம் என்று விட்டுவிடலாமா?

---

மேய்ச்சல்வழி

ஆட்டையும் மாட்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். மாடு பெரும்பாலும் புல்லைத் தின்னும். அளவோடு விட்டால் எரிபொருள் குறையும், அது உங்களுக்கு உதவி. ஆடு தழை தின்னும், பின்னங்காலில் நின்று ஏறத்தாழ 1.5 மீட்டர் வரை எட்டும். அதனால் தீ இல்லாவிட்டாலும் ஆடு மட்டுமே கன்றைப் பொறியில் வைத்திருக்க முடியும். கவாத்து செய்த பகுதிக்குள் தண்டுகள் 2 மீட்டர் தாண்டும் வரை ஆடு வேண்டாம், மாடு வரலாம். எல்லாப் பகுதியிலும் மழை தொடங்கி முதல் ஆறு முதல் எட்டு வாரம் மாட்டையும் நிறுத்துங்கள், புல் வேரைத் தேற்றிக்கொள்ளட்டும். தீ பட்ட பகுதியில் புதுப்புல்லுக்கு எல்லா மாடும் குவியும். அந்தப் பகுதி சின்னதாக இருந்தால் புல் அழிந்தே போகும். எரிக்கும் திட்டு பெரிதாக இருக்கட்டும், அல்லது ஒரே ஆண்டில் இரண்டு இடத்தில் எரியுங்கள்.

விடத்தலையை அப்படியே விடக்கூடாது. நாட்டு இனம் என்பது உண்மை, ஆனால் தெற்கு ஆப்பிரிக்க மேய்ச்சல் நிலங்களை மூடும் புதர்களிலும் அது முக்கியமான ஒன்று. வழக்கமான வரிசை: அதிக மேய்ச்சல், புல் போதாமை, தீ ஓடாமை, புதர் ஏற்றம். உள்ளே நுழைந்து பார்த்தால் புல் இல்லாமல் வெறும் தரையாக இருக்கும். நெற்றைக் கால்நடை தின்று விதையைச் சாணத்தில் பரப்பும், வேர்க்கன்றும் விடும். வெட்டிவிட்டுப் போனால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்து வரும், அங்கேதான் பல திட்டம் கவிழ்கிறது.

மூன்று ஹெக்டேரையும் ஒரே மூச்சில் மொட்டையடிக்காதீர்கள். பெரிய தண்டுகளை அங்கொன்று இங்கொன்றாக விடுங்கள். அவற்றின் வேர்ப் போட்டியில் சிறியவை அமுங்கும். மற்றதைத் தளிர் விரியும் சமயத்தில், வேர் காலியாக இருக்கும்போது, தரைமட்டத்தில் வெட்டுங்கள். கவாத்துக்குச் சொன்ன காலத்துக்கு நேர் எதிர். வெட்டிய கிளையை வெறுந்தரையில் பரப்பினால் அதன் மறைவில் புல் விதை பிடிக்கும். கால்நடையை விலக்கிப் புல் 4,000 கிலோவைத் தாண்டிய பிறகு ஒரு சூடான தீ: வெப்பம் 25 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 30க்குக் கீழ், காற்று மணிக்கு 20 கி.மீ.க்குள். அதன்பின் வரும் மறுதளிரில் ஆட்டை விடுங்கள். இந்த ஒரு இடத்தில் ஆடு உங்கள் கருவி. புல் சேராமல் தீயை முயன்றால் வீண்; புதருக்குள் அது நுழையவே நுழையாது.

மூலையில் இருப்பது சீமைக்கருவேலமாகவோ உண்ணிச்செடியாகவோ இருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது, வேரோடு எடுக்க வேண்டியதுதான். இனத்தை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

---

வேர்க்கட்டை

வேல் வகையின் விதைக்கன்று பற்றி. தோல் தடித்த விதை. கால்நடையின் குடலோ தீயோ தோலைத் தளர்த்திய பிறகு முளைக்கும். நெற்றை மரத்திலேயே விட்டால் வண்டு துளைத்துப் பாதிக்கு மேல் பாழாவது சாதாரணம். காய் முற்றியவுடன் சில மரங்களின் நெற்றைப் பறித்து, துளை இல்லாத விதையைப் பொறுக்கி, கொதிக்கவைத்து இறக்கிய நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, முதல் நல்ல மழைக்குப் பின் நேரடியாக ஊன்றலாம். ஊதியதை மட்டும் ஊன்றுங்கள். அதுவும் கணக்கெடுப்பில் ஓர் இனத்துக்கு இளந்தூரே இல்லை என்று தெரிந்தால்தான்.

முன்பு உழுத இடம் ஏதாவது அந்த 40 ஹெக்டேரில் இருந்தால் அதைத் தனியாக வரையுங்கள். மேய்ச்சலும் தீயும் மட்டும் கண்ட நிலத்தில் வேர்கள் உயிரோடு இருக்கும், தானாக மீளும். ஆழ உழுத நிலத்தில் வேர்க்கிழங்கு போயிருக்கும். பிரேசிலின் செராடோ என்ற சவானாப் பகுதியிலும் இந்த வேறுபாடு தெளிவாகவே தெரிகிறது. விதையூன்றலுக்கும் நடவுக்கும் நியாயம் உள்ள ஒரே இடம் அது. அங்கேயும் நாட்டுப் புல்விதையைத் தூவிய பிறகுதான் மரம்.

தேர்ந்தெடுத்த தூருக்கு எண் கட்டும்போது பிளாஸ்டிக் வேண்டாம், அலுமினியமும் தீயில் உருகும். மெல்லிய துருவேறா எஃகுத் தகட்டை ஒரு சாண் கம்பியில் கோத்து, தூரின் வடக்குப் பக்கம் தரையில் அடித்துவிடுங்கள், தண்டில் கட்டாதீர்கள். தண்டு மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாம் ஆண்டு நீங்களே வெட்டப்போகும் தண்டில் எண் தொங்கிக்கொண்டிருக்கும்.